கருவாட்டு டின்னுக்குள்ள நாலு பிளக்

எங்க ஒஸ்டின் காருக்கு பிளக் கழட்டிச் சுத்தம் பண்றது என் வேலையா இருந்துச்சு. இதைச் சொன்னா இப்பவும் ஆம்பளைங்க சிரிக்கிறாங்க. சிரிங்கப்பா, எனக்கென்ன. காரை ஓட்டினது எங்க வீட்டுக்காரரு. இரத்தோட்டை பஸ் ஸ்டாண்டுல நிப்பாட்டி வச்சு வாடகைக்கு ஹயர் ஓடினாரு. தூரத்து வளைவுல வர்ற பஸ்ஸோட நம்பரைப் படிச்சிருவாரு, ஆனா கையில வச்சிருக்கிற சாமான் அவருக்குப் புகை மாதிரிதான் தெரியும். நாப்பது வயசுலயே வெள்ளெழுத்து. கண்ணாடி போடுங்கன்னு சொன்னா, "கண்ணாடி போட்ட டிரைவரோட காருல எவன் ஏறுவான்?"னு எரிஞ்சு விழுவாரு. பிளக்கோட நுனியில ஒரு சின்னக் காது வளைஞ்சிருக்கும். அந்தக் காதுக்கும் நடுக்கம்பிக்கும் இடையில நகத்து மொத்தத்துக்குத்தான் இடைவெளி இருக்கணும். அந்த இடைவெளியிலதான் பொறி தாவும். அதை அவரு கண்ணை நம்பி விட்டா கார் ஓடினாப்புலதான். அதனால அந்த வேலையை நான் எடுத்துக்கிட்டேன்.

ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஞாயித்துக்கிழமை சமையல் முடிஞ்சதும் முத்தத்துல பேப்பரை விரிப்பேன். பால்டின்னுல கொஞ்சம் பெற்றோல், ஒரு கம்பி பிரஷ், இடைவெளி அளக்குற மெல்லிசுத் தகடு, ஒரு பழைய சாரத்துண்டு. ஒவ்வொரு பிளக்கா கழட்டி, ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு வரிசையா வைப்பேன். அந்த வரிசையை யாராவது தொட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும், பிள்ளைங்க கிட்டக்கூட வராதுங்க. பிளக்கோட மூக்கைப் பார்த்தாலே இஞ்சின் எப்பிடி இருக்குதுன்னு சொல்லிரலாம். பிஸ்கட் நிறத்துல இருந்தா நல்லா இருக்குது. கரி அப்பியிருந்தா பெற்றோல் அதிகமா குடிச்சிருக்குது. வெளுத்துக் கிடந்தா சூடு தாங்காமக் காய்ஞ்சிருக்குது. எண்ணெயா நனைஞ்சிருந்தா உள்ள தேஞ்சு போச்சு, பெரிய வேலை வரப்போகுது. எங்க ரெண்டு பேருக்கும் பாதிச் சண்டை இந்த நாலு மூக்கை வச்சுத்தான் நடந்துச்சு. "இந்த வாரம் சோக்கை இழுத்து விட்டுட்டு அப்பிடியே மலை ஏறியிருக்கீங்க, இல்லேன்னு சொல்லுங்க பார்ப்போம்"னு கேப்பேன். அவரு சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "பொலிஸ்ல சேர்ந்திருக்க வேண்டியவ"ன்னு சொல்லிட்டுத் தள்ளிப் போயிருவாரு.

எங்க வீடு இரத்தோட்டைக்குப் போற ரோட்டோரத்துல, மாத்தளை டவுனுக்கு நாலு மைல் இருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாதிக்காய் மரத்துக்கு அடியில தகரக் கொட்டில் போட்டு ஒரு பாஸ், மெக்கானிக்கை எங்க பக்கம் அப்பிடித்தான் சொல்லுவோம், வாகனம் திருத்திக்கிட்டு இருந்தாரு. சிங்கள மனுஷன். மனுஷி இறந்து போச்சு, ஒரே ஒரு மகள். தாயில்லாத அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரா எங்க குசினிக்கு, அடுப்படிக்குத்தான் வரும். அத்தைக்குச் சிங்களத்துல நெந்தா, என்னை அப்பிடித்தான் கூப்பிடும். என் ரெண்டு பிள்ளைங்களையும் இடுப்புல வச்சுத் தூக்கித் திரிஞ்சது அவதான். பாஸ் எனக்கு நங்கின்னுதான் பேசுவாரு, எங்க வீட்டுக்காரருக்கு மல்லி. தங்கச்சி, தம்பின்னு அர்த்தம். நாங்க அவங்களோட பேசினதெல்லாம் சிங்களத்துல, இங்க தமிழ்ல எழுதுறேன்.

எண்பத்தி மூணு ஜூலையில, தமிழாளுங்களோட வீடு கடையை எரிச்சப்ப, டவுன் பக்கம் புகை எழும்பினதை முதல்ல பார்த்தது பாஸ்தான். ரோட்டைக் கடந்து ஓடி வந்தாரு. "சாவி வேணாம், தள்ளுங்க"ன்னாரு. நாங்க மூணு பேரும் சேர்ந்து ஒஸ்டினைத் தள்ளி அவரு கொட்டிலுக்குள்ள கொண்டு போனோம். என்னையும் பிள்ளைங்களையும் எங்க வீட்டுக்காரரையும் மகளோட அறைக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்தினாரு. பிறகு காருல இருந்த நல்ல பிளக் நாலையும் கழட்டிட்டு, பழைய இரும்பு டப்பாவுல கிடந்த செத்த பிளக் நாலைத் திருகி விட்டாரு. ஒரு சில்லையும் கழட்டிக் கல்லு மேல நிப்பாட்டினாரு. தடியும் கேனுமா கூட்டம் வந்துச்சு. தமிழன்ட கார் எங்கன்னு கேட்டாங்க. கதவு ஓட்டை வழியா நான் பார்த்துக்கிட்டு இருந்தேன். பாஸ் கையைத் துடைச்சுக்கிட்டே, "இதையா கேக்குறீங்க? ஆறு மாசமா செத்துக் கிடக்குது. இரும்புக்கு வாங்கிப் போட்டிருக்கேன். சந்தேகம்னா ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க"ன்னாரு. ஒருத்தன் ஏறி ஸ்டார்ட்டரை இழுத்தான். இஞ்சின் சுத்துச்சு, பிடிக்கல. மறுபடி இழுத்தான், பிடிக்கல. கதவை ஒரு உதை உதைச்சிட்டுப் போனாங்க. எங்க வீட்டு ஜன்னல் எல்லாத்தையும் உடைச்சாங்க, அலுமாரியைக் கவுத்தாங்க. ஆனா உயிரும் காரும் தப்பிச்சிருச்சு. அந்தக் காருதான் எங்களுக்குச் சோறு. எல்லாம் அடங்கின பிறகு பாஸ் அந்தச் செத்த பிளக் நாலையும் ஒரு துணியில முடிஞ்சு என் கையில குடுத்தாரு. "வச்சுக்க நங்கி, எப்பவாவது உதவும்"னாரு.

உதவிச்சு. ஆறு வருஷம் கழிச்சு, சிங்களப் பொடியனுங்க காட்டுக்குள்ள போய் அரசாங்கத்தோட மோதின காலம். காலையில கதவைத் திறந்தா வாசப்படியில ஒரு துண்டுக் கடுதாசி கிடக்கும். இன்னைக்குக் கடை திறக்கக் கூடாது, வாகனம் ஓடக் கூடாது, மீறினா சாவு. கொஞ்ச நேரத்துல ஆர்மிக்காரன் வருவான். ஏன் கடை மூடியிருக்குது, ஏன் கார் நிக்குது, எடுன்னு துவக்கால தட்டுவான். எடுத்தா அவங்க கொல்லுவாங்க, எடுக்காட்டி இவங்க அடிப்பாங்க. எங்க ஸ்டாண்டுல ஓடின ஒரு டிரைவர் தடை போட்ட நாள்ல ஹயர் போனாருன்னு, ரெண்டாவது வளைவுல காரோட சேர்த்து எரிச்சுப் போட்டிருந்தாங்க. எங்க வீட்டுக்காரரோட ஒரே கோப்பையில டீ குடிச்ச மனுஷன். அந்த வருஷம் மாத்தளை ரோட்டோரங்கள்ல காலையில என்னென்ன கிடந்துச்சுன்னு எழுத எனக்கு மனசு இல்ல.

அப்பத்தான் அந்தத் துணி முடிச்சு ஞாபகம் வந்துச்சு. துண்டு வந்த அன்னைக்கெல்லாம் நல்ல பிளக் நாலையும் கழட்டிட்டுச் செத்ததைப் போட்டு வைப்போம். யாரு வந்து கேட்டாலும் ஏறி இழுத்துக் காட்டலாம், சுத்தும், பிடிக்காது. ஒரு நாள் அதுல ஒண்ணு தப்பித் தவறிப் பொறி விட்டு இஞ்சின் லேசா இருமிருச்சு. எனக்கு உயிரே போயிருச்சு. அன்னைக்கே அம்மிக் குழவியால நாலோட காதையும் தட்டி, நடுக்கம்பியோட ஒட்டிப் படுக்க வச்சேன். இனி பொறிங்கிற பேச்சே இல்ல. நல்ல பிளக் நாலும் குசினியில கருவாட்டு டின்னுக்குள்ள, கருவாட்டுக்கு அடியில கிடக்கும். வீட்டைச் சோதிக்க வர்றவன் அதுக்குள்ள மட்டும் கை விட மாட்டான்னு என் கணக்கு. ஒரு தடவை ஆர்மிக்காரங்க மூணு பேர் வந்து காரைக் கேட்டாங்க. பெட்டரி இறங்குற வரைக்கும் இழுத்துப் பார்த்துட்டு, தூஷணத்துல ஏசிட்டுப் போனாங்க. அன்னைக்கு நானும் எங்க வீட்டுக்காரரும் குசினியில உக்காந்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சோம். எங்களை மிஞ்ச ஆள் இல்லேன்னு ஒரு திமிரு.

"வண்டி ஸ்டார்ட் ஆகாது, மூணு நாளா இப்பிடித்தான்." இந்த வசனத்தை எங்க வீட்டுக்காரரு துண்டு வந்துக்கிட்டு இருந்த அந்த ரெண்டு மாசத்துல எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாரோ. ஆர்மிக்குச் சொன்னாரு, முகம் தெரியாத பொடியனுங்களுக்குச் சொன்னாரு, கல்யாண வீட்டுக்குப் போகக் கேட்டு வந்தவங்களுக்கும் சொன்னாரு. நடுத்தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பாரு.

அந்த நாள் மழை. விடியக்காலையிலேயே துண்டு வந்திருந்துச்சு. பிளக்கை மாத்திட்டு, டின்னை மூடிட்டு, நான் பிள்ளைங்களுக்கு ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தேன். பத்து மணி இருக்கும். பாஸ் ஓடி வந்தாரு, ஒரு காலுல மட்டும் செருப்பு. பாஸோட மகளுக்குக் கலியாணமாகி அது முதல் பிரசவம், ஏழு மாசம் முடிஞ்சு எட்டு நடந்துக்கிட்டு இருந்துச்சு. புருஷன்காரன் கலேவெலயில வேலை, பஸ் ஓடாததால அங்கேயே மாட்டிக்கிட்டான்.

"மல்லி, பிள்ளைக்கு ரத்தம் போகுது. பாயெல்லாம் ரத்தம். வண்டியை எடு, பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

எங்க வீட்டுக்காரரு படியில நின்னுக்கிட்டு இருந்தாரு. அவரு யோசிச்சிருந்தா என்ன சொல்லியிருப்பாரோ எனக்குத் தெரியாது. யோசிக்கவே இல்ல. வாய் தானா திறந்துச்சு.

"வண்டி ஸ்டார்ட் ஆகாது பாஸ், மூணு நாளா இப்பிடித்தான்."

சொல்லி முடிச்ச பிறகுதான் யாருக்குச் சொன்னோம்னு அவருக்கே விளங்கியிருக்கணும், முகம் வெளுத்துப் போச்சு. ஆனா சொன்னதை எப்பிடித் திரும்ப வாங்குறது? சொன்ன பொய்க்குப் பின்னாலயே அவரு இழுபட்டுப் போனாரு. காருல ஏறி ஸ்டார்ட்டரை இழுத்தாரு. சுத்துச்சு. பிடிக்கல. பாஸ் மழையில நின்னுக்கிட்டு, எந்த இஞ்சின் பக்கத்துல நின்னாலும் செய்யிற மாதிரி தலையைக் கொஞ்சம் சரிச்சு, கேட்டுக்கிட்டு இருந்தாரு. ரெண்டாம் தடவை. மூணாம் தடவை. பிறகு தலையைத் தூக்கி, குசினிக் கதவுல நின்ன என்னைப் பார்த்தாரு.

கருவாட்டு டின் எனக்குப் பின்னால, எட்டி எடுக்குற தூரத்துல இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெட்டரியும் இறங்கிருச்சு போல பாஸ்"னு சொன்னேன். நாசமாப் போன வாய். அவரு ஒரு பொய் சொன்னாரு, நான் அதுக்கு முட்டுக் குடுத்தேன். எரிஞ்சு கிடந்த அந்தக் காரு என் கண்ணுக்குள்ள நின்னுச்சு, என் பிள்ளைங்க ரொட்டிக்குக் கையை நீட்டிக்கிட்டு நின்னாங்க. இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் நான் அதைச் சொன்னேன்.

பாஸ், "சரி நங்கி"ன்னாரு. திரும்பிப் போனாரு.

கொஞ்ச நேரத்துல ஜன்னல் வழியா பார்த்தேன். கை வச்ச மரக்கதிரை ஒண்ணுல அந்தப் பொண்ணை உக்கார வச்சு, பக்கத்து வளவு ஆம்பளைங்க ரெண்டு பேர் தூக்கிக்கிட்டு ரோட்டுல இறங்கினாங்க. நாலு மைல். பாஸ் ஒரு கையில குடை பிடிச்சு, மத்தக் கையால மகளோட முதுகைத் தாங்கிக்கிட்டு நடந்தாரு. மடியில போட்டிருந்த வெள்ளைத் துணி வெள்ளையா இல்ல. எங்க வீட்டைக் கடக்கும்போது அவ தலையைத் திருப்பி எங்க காரைப் பார்த்தா. கூப்பிடல, அழல. காரைச் சும்மா பார்த்துக்கிட்டே போனா.

அவங்க வளைவுல மறையிற வரைக்கும் நான் நின்னேன். அதுக்குப் பிறகும் நின்னேன். எவ்வளவு நேரம்னு அப்பத் தெரியல. அடுப்புல ரொட்டி கருகின வாசம் வந்த பிறகுதான் எனக்குச் சுய நினைவு வந்துச்சு. டின்னைத் தூக்கிட்டு முத்தத்துக்கு ஓடினேன்.

"பொனட்டைத் திறங்க."

"உனக்குப் பைத்தியமா? நம்ம பிள்ளைங்களை நெனைச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன். அவ இடுப்புல வச்சுத் தூக்கின பிள்ளைங்கதான் அதுங்க. திறங்க!"

"வளைவுல எரிஞ்சு கிடந்தானே, அவனுக்கும் பிள்ளைங்க இருந்துச்சு."

"அப்ப சாவியைக் குடுங்க, நான் ஓட்டுறேன்." எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவரு படியில உக்காந்து ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டாரு. அவரைக் கோழைன்னு யாரும் சொல்லிராதீங்க, சொன்னா எனக்கு ஆகாது. நாலு வருஷம் ஒரே வாங்குப் பலகையில உக்காந்து பேசின சிநேகிதனோட எலும்பை அள்ளி உரப்பையில போட்ட மனுஷன் அவரு. பிறகு எழும்பி வந்து பிளக் ஸ்பேனரை எடுத்தாரு.

வரிசை, வரிசைன்னு பிள்ளைங்களை விரட்டின நான் அன்னைக்குப் பேப்பரை விரிக்கல. மழை. மட்கார்ட் மேல சாரத்துண்டைப் போட்டு டின்னைக் கவுத்தேன். அவரு செத்த பிளக்கை ஒவ்வொண்ணா கழட்டி, அதே துண்டு மேல, நல்லது பக்கத்துலேயே வச்சாரு. நான் கைக்கு வந்ததை எடுத்து எடுத்து நீட்டினேன், அவரு திருகினாரு. என் கண்ணுக்குத் தெரியிறது அவரு கண்ணுக்குத் தெரியாது, அன்னைக்கு என் கண்ணும் பார்க்கல. இஞ்சின் ஒரு உதறு உதறிட்டுப் பிடிச்சுச்சு. நடுங்கிக்கிட்டே நின்னுச்சு. "ஈரம், சூடானா சரியாகும்"னு அவரு சொன்னாரு. மிச்சமா துண்டுல நாலு பிளக் கிடந்துச்சு, எண்ணினேன், நாலுதான். அள்ளி டின்னுல போட்டேன். பிள்ளைங்களைப் பின்வீட்டு அம்மாகிட்ட தள்ளிவிட்டுட்டு நானும் ஏறினேன். "நீ வேணாம்"னாரு. "பிரசவ வலியில கிடக்குறவளுக்கு நீங்களா பக்கத்துல உக்காருவீங்க?"ன்னு கேட்டேன். கதவைச் சாத்த உள்ள போனப்பவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். பாஸ் வந்து கேட்டதிலிருந்து முக்கால் மணி நேரம் போயிருந்துச்சு.

ஒண்ணரை மைல்ல அவங்களைப் பிடிச்சோம். மூடியிருந்த கடை ஒண்ணோட தாழ்வாரத்துல கதிரையை இறக்கி வச்சு, தூக்கினவங்க மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தாங்க. காரைப் பார்த்ததும் பாஸோட முகத்துல ஒண்ணும் மாறல. மகளைத் தூக்கிப் பின் சீட்டுல கிடத்தினாரு, தலை என் மடியில. அவரு முன்னால ஏறினாரு. கார் நகர்ந்து பத்து யார் போகல, தலையைச் சரிச்சாரு. எனக்கு அந்தச் சரிவு தெரியும்.

"மல்லி, ஒரு பிளக் அடிக்கல"ன்னாரு.

மூணு காலுல நிக்கிற மாடு மாதிரி கார் நொண்டிக்கிட்டே போச்சு. இறக்கம் வரைக்கும் பரவாயில்ல. ஆத்துப் பாலத்துக்கு முந்தின ஏத்தம் வந்ததும் முக்கிச்சு, திணறிச்சு, முதல் கியர்லயும் ஏற மாட்டேன்னு நடு ரோட்டுல நின்னுச்சு. பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "குளிருது நெந்தா"ன்னா. என் சேலைத் தலைப்பை எடுத்துப் போத்தினேன். அவளுக்குக் கீழ சீட்டு நனைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

பாஸ் இறங்கி பொனட்டைத் தூக்கினாரு. இஞ்சினை ஓட விட்டு, சட்டையைச் சுத்தின கையால பிளக் வயரை ஒவ்வொண்ணா இழுத்துப் பார்த்தாரு. நல்ல பிளக்கோட வயரை எடுத்தா இஞ்சின் தடுமாறும். செத்ததுன்னா எடுத்தாலும் ஒண்ணுதான், எடுக்காட்டியும் ஒண்ணுதான். மூணாவதுல ஒரு மாத்தமும் இல்ல. டிக்கியிலிருந்த ஸ்பேனரை வாங்கி அதைக் கழட்டினாரு. பொனட்டுக்குக் கீழ இருட்டா இருந்ததால வெளிச்சத்துக்காகப் பக்கவாட்டுல வந்து, என் ஜன்னலோரமா நின்னு, அதைத் தூக்கிப் பார்த்தாரு. நானும் பார்த்தேன். பெற்றோல்ல நனைஞ்ச மூக்கு. நடுக்கம்பியோட ஒட்டிப் படுத்திருந்த காது. எந்த இஞ்சினும் தானா அப்பிடி ஒரு காதைத் தட்டாது. அவரு குடுத்த பிளக், அவரு டப்பாவுல கிடந்த பிளக், அவருக்குத் தெரியாமலா போகும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாரு. என் மடியில அவரு மகளோட தலை.

மடக்குக் கத்தியை எடுத்து நுனியால அந்தக் காதை மெல்லக் கிளப்பினாரு. ஊதினாரு. கண்ணால அளந்தாரு. திருகி வயரை மாட்டினாரு. ஏறி உக்காந்து, "இப்ப எடு மல்லி"ன்னாரு. கார் ஒரே மூச்சுல ஏத்தத்தை ஏறிருச்சு.

பாலத்துல ஆர்மிக்காரன் மறிச்சான், பின் சீட்டுல ரத்தத்தைப் பார்த்தான், போகச் சொல்லிட்டான். ஆஸ்பத்திரியில அவளை உள்ள கொண்டு போனாங்க. நாங்க மூணு பேரும் ஒரு வாங்குல உக்காந்திருந்தோம், பாஸ் நடுவுல. ரொம்ப நேரத்துக்குப் பிறகு ஒரு நர்ஸம்மா வந்து, தாய்க்குப் பயமில்ல, பிள்ளை தங்கலன்னு சொன்னாங்க. ஆம்பளைப் பிள்ளை. "கொஞ்சம் முந்தி வந்திருந்தா..."ன்னு தொடங்கிட்டு, பாஸோட முகத்தைப் பார்த்து நிப்பாட்டிக்கிட்டாங்க. எனக்கு அந்தக் கொஞ்சம் எவ்வளவுன்னு தெரியும். முக்கால் மணி நேரமும், ஏத்தத்துல நின்ன நேரமும்.

காரை யாரும் எரிக்கல. தடையை மீறினீங்கன்னு ஒருத்தனும் வந்து கேக்கல. ஒரு துண்டுகூட எங்க பேருக்கு வரல. எங்களுக்கு ஒண்ணுமே நடக்கல.

எட்டாம் நாள் அவளை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தாங்க. எங்க வீட்டுக்காரரு ரோட்டைக் கடக்க மாட்டேன்னுட்டாரு. நான் ரசம் வச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். பாஸ் கொட்டிலுக்குள்ள ஒரு இரும்பை இடுக்கியில மாட்டி அரத்தால தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு. ரசப் பாத்திரத்தை வச்சுட்டு, இன்னைக்குச் சொல்லிரணும்னு வாயைத் திறந்தேன்.

"பாஸ், அன்னைக்கு வண்டி..."

"தெரியும் நங்கி. முதல் இழுப்புலயே தெரியும். அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் சும்மா போனீங்க? என்னைத் திட்டியிருக்கலாம். உள்ள வந்து டின்னைத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கலாம். ரெண்டு அறை குடுத்திருக்கலாம்!" எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு. தப்பு செஞ்சவ நான், சத்தம் போட்டதும் நான்தான்.

அவரு அரத்தை நிப்பாட்டினாரு. "அந்தப் பொய்யை உங்களுக்காக முதல்ல சொன்னவன் நான். தடியோட வந்தவங்களுக்குச் சொன்னேன்"னாரு. "அன்னைக்கு அதையே எனக்குச் சொன்னீங்க. உங்க வாசல்ல நின்னுக்கிட்டு என் கையை ஒருக்கா பார்த்தேன் நங்கி. தடி ஏதாவது இருக்குதான்னு."

கீழ உக்காந்து அழுதேன். அவரு தேத்தவும் இல்ல, போகச் சொல்லவும் இல்ல. கொஞ்ச நேரத்துல, "உள்ள போ. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. தலை சிக்குப் பிடிச்சிருக்குது, சீவி விடு"ன்னுட்டு மறுபடி அரத்தை எடுத்தாரு.

கொட்டிலுக்கும் அவ அறைக்கும் நடுவுல ஒரு சீலைத் திரைதான். அவ பாயில சாஞ்சு உக்காந்திருந்தா. முகத்துல ரத்தமே இல்ல, பால் கட்டின நெஞ்சுல துணி சுத்தியிருந்தாங்க. பின்னால உக்காந்து சிக்கு எடுத்தேன். சிக்கு விடுபட விடுபட அவ கண்ணை மூடிக்கிட்டா. பிறகு என் கையைப் பிடிச்சு இழுத்துத் தன் கன்னத்துல வச்சுக்கிட்டா.

"மாமாகிட்ட சொல்லுங்க நெந்தா, நீங்க ரெண்டு பேரும் இல்லாட்டி நானும் போயிருப்பேன். அந்தக் கெட்டுப்போன வண்டியை வச்சுக்கிட்டு எப்பிடித்தான் வந்தீங்களோ. தடை நாள் வேற. சாமி மாதிரி வந்தீங்க."

என் கையில சீப்பு அப்பிடியே நின்னுச்சு. திரைக்கு அந்தப் பக்கம் அரம் தேய்க்கிற சத்தமும் நின்னுச்சு. பாஸ் ஏதாவது சொல்லுவாருன்னு பார்த்தேன். சொல்லிர மாட்டாரான்னு பார்த்தேன். சொல்லல.

"இப்ப வண்டி சரியாயிருச்சா நெந்தா?"ன்னு கேட்டா.

"சரியாயிருச்சு மகள், அப்பா அன்னைக்கே சரி பண்ணிட்டாரே"ன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு அரம் தேய்க்கிற சத்தம் திரும்பவும் கேட்டுச்சு. நான் அவ தலையைச் சீவிப் பின்னி முடிச்சுட்டு, ரசத்தைச் சூடு காட்டி எடுத்துக்கிட்டு வந்து குடுத்தேன்.